தலை பறிபோன புயல்

வெள்ளானூர்
ஐப்பசி 26

ஜோதி,

‘நலம், நலமறிய ஆவல்’ என்று உத்தமன் ஆரம்பித்தான். அதை அடித்துவிடச் சொன்னேன். ஒரு வருஷமாக நாம் ஒருத்தரை ஒருத்தர் நலம் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது புதுசாக எதற்கு.

சொல்கிறவன் நான். எழுதுகிறவன் எதிர்வீட்டு உத்தமன். ஆவடி ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், கட்சிக் கூட்டத்தில் மைக் பிடிக்கிறான். அதனால் நான் ‘இன்னா’ என்றால் அவன் ‘என்ன’ என்று எழுதுகிறான். ‘கடுதாசின்னா ஒரு மரியாத வேணும் பெருசு’ என்கிறான். எழுதியதைப் போனில் படம் பிடித்து அந்தமானுக்கு அனுப்புவானாம். நீயும் அப்படியே அனுப்பு.

போனிலேயே பேசலாமே என்பாய். அம்பத்தூர் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற சத்தம் தின்றதுபோக மிச்சமிருந்த காதும் இந்தச் சித்திரையோடு போய்விட்டது. இடது காதில் வாயை வைத்துக் கத்தினால் ஏதோ விழுகிறது. உன் கடிதத்தையும் உத்தமன் அப்படித்தான் படிப்பான். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று தெருவில் ஆட்டோவில் என்னை உட்கார வைத்துப் படிப்பான். அவன் குரல் மைக் இல்லாமலே ஏரி மதகு வரைக்கும் போகும். பார்த்து எழுது.

அம்மாவுக்கு வருஷத் திதி கார்த்திகைக் கடைசியில் வருகிறது. நீ வருகிறாயா இல்லையா என்று எல்லாரும் கேட்கிறார்கள். காரியம் முடிவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு போனவள் நீ. பச்சைப் பை. ஒரு வார் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. ஆட்டோ ஏறும்வரை நீ திரும்பவில்லை. எனக்கு எழுத்துத்தான் வராது, கண்ணில் பட்டது எதுவும் போகாது.

கோபப்பட வேண்டியவன் நான். புயல் வருகிறது, தெருவில் தண்ணீர் நிற்கும், அம்மாவைத் தூக்கிக்கொண்டு நசரத்பேட்டைக்குச் சித்தி வீட்டுக்குப் போ என்றாய். போனோம். புயல் வரவில்லை. அவள் போய்விட்டாள். வெளியில் போன உயிரின் உடம்பை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது நம் தெரு வழக்கம். அவள் செங்கல் சுமந்து கட்டிய வீட்டு வாசலில், தெருவில், ஐஸ் பெட்டியில் கிடந்தாள். அந்தப் புயல் நம் ஊருக்குக் கொடுத்த மொத்த மழையும் ஒரு தூறல்தான். அது அந்தப் பெட்டியின் கண்ணாடி மேல் விழுந்தது. நான் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஏன் வரவில்லை அந்தப் புயல்? அதை மட்டும் எழுது. காற்றைப் பார்க்கிற உத்தியோகம்தானே உனக்கு.

உன் நைனா
உலகநாதன்


அந்தமான்
15 நவம்பர்

நைனாவுக்கு,

உத்தமா, மெதுவாகப் படி. முடிந்த அளவுக்கு மெதுவாக.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். தெரு கேட்கும் என்று நீ சொன்னதால் பாதியை விழுங்கிவிட்டு மீதியை எழுதுகிறேன்.

புயல் எங்கே எப்போது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. நான் பலூன் விடுகிறவள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆள் உயரத்துக்கு உப்பிய வெள்ளைப் பலூன், அதன் வாலில் ஒரு சின்னப் பெட்டி. எந்த உயரத்தில் எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம் என்று அந்தப் பெட்டி சொல்லிக்கொண்டே போகும். எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம்தான் அங்கே காற்று போகிறது. கடைசியில் பலூன் வெடிக்கும். பெட்டி கடலில் விழும். மறுநாள் காலையில் இன்னொன்று. அவ்வளவுதான் என் உத்தியோகம்.

போன வருஷம் நடந்தது இது. கீழே காற்று கிழக்கிலிருந்து மேற்கே போனது. விமானம் பறக்கிற உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே போனது, நல்ல வேகத்தோடு. புயல் என்பது தரையில் சுற்றுகிற தட்டையான சக்கரம் இல்லை நைனா. உயரமாக நிற்கிற அடுக்கு. பிரஸ் ஷாப்பில் நீ தகடு அடுக்குவாயே, அதுபோல. அடித்தகட்டை ஒருவன் இந்தப் பக்கம் தள்ளி, மேல்தகட்டை இன்னொருவன் அந்தப் பக்கம் இழுத்தால் அடுக்கு நிற்குமா? மேகத்தை, மழையை, எல்லாவற்றையும் மேல்காற்று கிழக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. தலை பறிபோன வெறும் சுழி மட்டும் கரைக்கு வந்தது. தூறல் போட மட்டும்தான் அதற்குத் தெம்பிருந்தது.

இப்படி ஆகும் என்று தெரியாதா என்று கேட்பாய். ஆகலாம் என்று தெரியும். ஆகாமல் போகலாம் என்றும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது? இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருஷ வெள்ளத்தில் அம்மா பீரோ மேல் ஏறி உட்கார்ந்தாள். அப்போது அவளுக்குக் கால் இருந்தது. போன வருஷம் கை கால் ஒரு பக்கம் விழுந்து கட்டிலில் கிடந்தவளை எதன்மேல் ஏற்றியிருப்பாய்?

திதிக்கு வர முடியாது. புயல் மாசத்தில் லீவு இல்லை. கிடைத்தாலும் யோசிப்பேன். அந்த வாசலில் எங்கே வந்து நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜோதிகா


வெள்ளானூர்
கார்த்திகை 3

ஜோதி,

உத்தமன் மெதுவாகப் படித்தான். அப்படியும் கோடி வீட்டிலிருந்து உன் பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டான்.

‘இன்னாடா உலகு, உன் பொண்ணு கவர்மெண்ட்ல பலூன் உடுதா? திருவிழாவுல உடுறவன்கூட நாலு கலர்ல வெச்சிருப்பான். அது இன்னா வெள்ள?’

‘அண்ணாத்தே, அதுல மிஷினு கீது’ என்றான் உத்தமன்.

‘மிஷினு கடல்ல உய்ந்துடுதாமே. தெனமும் ரெண்டு மிஷினக் கடல்ல போட்றதுக்கு ஒரு சம்பளமா?’

உத்தமன் இதைக் கத்திச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இருமல் வருகிறது. இரண்டும் சேர்ந்து வந்து மூச்சு நிலைகொள்ளவில்லை. ஆட்டோவிலேயே சாய்ந்துவிட்டேன். அண்ணன்தான் ஜானகிராமன் என்கிற தன் பேருக்கு ஏற்ற மாதிரி ராமா ராமா என்று நெஞ்சைத் தடவினான். நல்லவன்தான். எனக்கு மூத்தவன், எண்பதைத் தாண்டியவன், வழக்கம் என்றால் மட்டும் கல்.

மேலே போகப் போகக் குளிர் என்கிறாயே, அது எப்படி? சூரியனுக்குக் கிட்டப் போனால் சூடுதானே ஏற வேண்டும்? அண்ணனும் அதையேதான் கேட்டான்.

தகட்டு விஷயம் புரிந்தது. அடுக்கு சரிந்து கை கிழிந்தவன் நான். ஆனால் நீ மேலே நடந்ததைத்தான் சொன்னாய். கீழே நடந்ததை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அன்றைக்கு நசரத்பேட்டையில் நல்ல வெயில். உன் சித்தி வரலட்சுமி மாடியில் வடகம் பிழிந்து போட்டிருந்தாள். பெங்களூர் ரோட்டு லாரி இரைச்சல் உள்ளே வரைக்கும். அப்போது எனக்கு ஒரு காது இருந்தது. உன் அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். வாய் கோணிப் போயிருந்தாலும் அவள் பேச்சு எனக்குப் புரியும்.

‘இன்னாய்யா, புயலுன்ன. வெயிலு காயுது. ஊட்டுக்கு இட்டுக்கினு போ.’

‘நாளைக்குப் போவலாம்னு ஜோதி சொல்லிகீதுடி.’

‘அது மேல கீற காத்தப் பாத்துச் சொல்லுது. நான் கீழ கீறேன். எனுக்கு ஊடு வேணும்.’

‘ஒரு நாளுதானே வேம்பு.’

‘ஒரு நாளு கீதா எனுக்கு?’

சாயங்காலம் வரலட்சுமி வடகம் எடுக்க மாடிக்குப் போனாள். அவள் இறங்கி வருவதற்குள் இவள் இல்லை.

இதுதான் கீழே நடந்தது. உன் பெட்டியில் இது பதிந்திருக்காது.

நைனா


அந்தமான்
22 நவம்பர்

நைனாவுக்கு,

முதலில் பெரியப்பாவின் கேள்வி. சூரியன் காற்றை நேராகச் சுடுவது கொஞ்சம்தான். மண்ணைச் சுடுகிறது, மண் காற்றைச் சுடுகிறது. பூமிதான் அடுப்பு. அடுப்பை விட்டுத் தள்ளிப் போனால் குளிரும். ரொம்ப மேலே போனால் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறும், அது வேறு கதை. ஆனால் பலமான புயல் என்றால் அதன் நடுவில், உச்சியில், அக்கம்பக்கத்துக் காற்றைவிடக் கதகதப்பு இருக்கும். தலைக்கு ஜுரம் ஏறியதுபோல. அந்த ஜுரம் நிலைத்தால் புயல் பலக்கும். போன வருஷம் ஜுரம் நிலைப்பதற்குள் தலையே போய்விட்டது.

இனி தெருவைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதுகிறேன். உத்தமா, உன் குரலிலேயே படி.

அம்மா ‘ஒரு நாளு கீதா’ என்று கேட்டதை நீ ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் சொல்கிறாய். நேற்றைய பலூனை விடும்போது கயிறு விரலில் சுற்றிக்கொண்டதைக் கவனிக்கவில்லை. அவளை ஒரு நாள் காக்க வைத்தது நான்தான் என்று நீ சொன்னால், சரி, சுமக்கிறேன். ஆனால் அவள் தெருவில் கிடந்ததற்கு நான் காரணம் இல்லை.

நான் வந்து இறங்கியபோது நம் வீட்டுக் கதவு மூடியிருந்தது. பதினைந்தாம் வருஷ வெள்ளத்தில் ஊறி வீங்கின கதவு. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, தோளால் ஒரு இடி இடித்தால்தான் அது மூடும். நான் இடித்தால்கூடப் பாதியில் நின்றுவிடும். அதைச் சாத்தத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள்.

பெரியப்பா வழக்கத்தைச் சொன்னார், சரி. கதவை இடித்த தோள் அவருடையது இல்லை. மேல்காற்றும் வந்து சாத்தவில்லை.

அப்புறம் அவள் படத்தை உள்ளே மாட்டினாய். படத்துக்கு வழக்கம் தடையில்லை போலிருக்கிறது.

இன்னொன்று. கடலில் எங்களுக்குத் தெற்கே மறுபடி ஒன்று சுழலத் தொடங்கியிருக்கிறது. அது வலுத்தால் எழுதுவேன். எழுதினால் நீ கிளம்ப வேண்டும்.

ஜோதிகா


வெள்ளானூர்
கார்த்திகை 9

ஜோதி,

கதவு விஷயம் வந்ததும் உத்தமன் நிறுத்திவிட்டான். ‘படிடா’ என்றேன். ‘வாணாம் பெருசு’ என்றான். ‘படி’ என்றேன். படித்தான். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

இடித்த தோள் என்னுடையதுதான்.

கிளம்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நான் கிளம்ப மாட்டேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீ அங்கே பலூனும் கையுமாகப் பதறிக்கொண்டிருக்க வேண்டாம்.

தண்ணீர் வராது என்று நினைத்துச் சொல்லவில்லை. மேற்கே நாங்கள் நாற்று நட்ட கழனி எல்லாம் பிளாட்டு ஆகிவிட்டது. ஐடி வேலைக்காரப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள், பார்த்தால் சிரிக்கிறார்கள். ஆனால் கட்டினவன் லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கிவிட்டான். நம் தெரு சட்டி மாதிரி ஆகிவிட்டது. இனி தண்ணீர் வந்தால் பதினைந்தாம் வருஷத்தைவிட அதிகம் நிற்கும். தெரிந்துதான் சொல்கிறேன்.

எனக்கு மூச்சு முன்னைப்போல இல்லை. படுத்தால் இரைக்கிறது, உட்கார்ந்தே தூங்குகிறேன். இந்த நிலையில் நசரத்பேட்டைக்குப் போய் அங்கே போய்விட்டேன் என்று வை. என்னையும் வாசலில்தான் போடுவார்கள். அவளுக்கு ஒரு வழக்கம், எனக்கு ஒரு வழக்கம் இருக்க முடியாது. இருக்கவும் கூடாது. போகிற வருகிற வண்டியெல்லாம் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போகும், நான் கிடப்பேன். அதை ஒரு தடவை பார்த்துவிட்டேன். போதும்.

உள்ளே இருந்து செத்தால் உள்ளேயே இருப்பேன். வெள்ளம் வந்தால் வரட்டும். அதையாவது கேட்காமல் உள்ளே விட்டதாக இருக்கட்டும்.

அலுப்பாக இருக்கிறது. உத்தமனுக்கும் சவாரி நேரம்.

நைனா


அந்தமான்
26 நவம்பர்

நைனாவுக்கு,

இந்தத் தடவை கீழ்க்காற்றும் மேல்காற்றும் ஏறக்குறைய ஒரே பக்கம் போகின்றன. காலையில் விட்ட பலூன் அவ்வளவு உயரம் போயும் திசை மாறி இழுபடவில்லை. அடுக்கைச் சரிக்க மேலே ஆளில்லை. உச்சியில் ஜுரமும் நிலைத்துவிட்டது என்று செயற்கைக்கோள் படம் சொல்கிறது. தாழ்வான தெருக்களைக் காலி செய்யச் சொல்லி உங்கள் பக்கம் அறிவிப்பு வந்திருக்கும். கட்டாயம் வரும் என்று இப்போதும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. காற்று நாளைக்கு வேறு மாதிரி நினைக்கலாம். எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது நைனா. ஒவ்வொரு வருஷமும் மிஞ்சியிருக்கிற ஒருத்தரை ‘கிளம்பு, கிளம்பு’ என்று கெஞ்சுவது.

இனி எழுதுவது உனக்கு இல்லை. உத்தமா, ஆட்டோவை விட்டு இறங்கு. தெரு நடுவில் நின்று படி. மைக் இருந்தால் மைக்கிலேயே படி.

தெருவில் இருக்கிற பெரியவர்களுக்கு, உலகநாதன் மகள் ஜோதிகா சொல்வது.

என் நைனா நசரத்பேட்டையில் செத்தாலும், ஆஸ்பத்திரியில் செத்தாலும், ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டில் செத்தாலும், உடம்பு வீட்டுக்குள்தான் வரும். கூடத்தில், எங்கம்மா படத்துக்குக் கீழே வைப்பேன். நான் வந்து சேர ஒரு நாள் ஆகலாம். அதுவரைக்கும் வாசலில் கிடக்கட்டும் என்று யாருக்காவது எண்ணம் இருந்தால், அவர் உயிரோடு உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து இப்போதே சொல்லிவிடுங்கள்.

வீடு விளங்காது என்பீர்கள். அந்த வீட்டில் இனி விளங்க வேண்டியவள் நான் ஒருத்திதான். விளங்காமல் போனால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

யாரும் வாய் திறக்கவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

நைனா, யாராவது வாய் திறந்தார்களா? இல்லையென்றால் கிளம்பு.

ஜோதிகா


நசரத்பேட்டை
கார்த்திகை 11

ஜோதி,

மைக் இல்லை. கட்சிக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். உத்தமன் வெறும் வாயாலேயே தெரு நடுவில் நின்று படித்தான். ஆட்டோவில் இருந்த எனக்கு ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. முகங்களைத்தான் பார்த்தேன். ஒவ்வொருத்தரும் முதலில் உத்தமனைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள், அப்புறம் தரையைப் பார்த்தார்கள். நான் ஏதோ செத்துத்தான் போய்விட்டேன் போல என்று நினைத்தேன். அப்புறம் அவன் என் காதண்டை வந்து மறுபடி முதலிலிருந்து கத்தினான். ஆக, தெரு அதை இரண்டு தடவை கேட்டது.

யாரும் வாய் திறக்கவில்லை. உன் பெரியப்பா மட்டும் தடியைத் தரையில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். சரி, பஞ்சாயத்து வைக்கப் போகிறான் என்று உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான். ஆட்டோவில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து காதைப் பிடித்து இழுத்தான்.

‘டேய், உன் பொண்ணு சொல்றது உனுக்கு மட்டும்தானா?’

‘இன்னா கேக்குற?’

‘நானும் வெளிய எங்கியாவது பூட்டா?’

‘உள்ள உடக் கூடாதுன்னு சொன்னவனே நீதானே.’

‘அது அப்போ. அப்போ எனுக்கு நெஞ்சு வலி இல்ல.’ தடியை ஒரு சுற்றுத் திருப்பினான். ‘என் புள்ளைங்கோ துபாய்ல கீதுங்கோ. அதுங்கோ வர்ற வரைக்கும் நான் தெருவுலயா கெடக்கறது? எனுக்கும் சேத்துத்தான்னு அத ஒரு வரி எழுதச் சொல்லுடா. அப்பத்தான் நான் வருவேன்.’

நீ எழுதி, அது வந்து, உத்தமன் கத்திப் படிப்பதற்குள் புயல் கரையைத் தாண்டிவிடும். நானே உன் சார்பில் சரி என்று சொல்லிவிட்டேன். மறுக்காதே. இப்போது இங்கே வரலட்சுமி வீட்டில்தான் எனக்கு எதிரே அண்ணன் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். குறட்டை விடுவதாக வரலட்சுமி சைகையில் சொல்கிறாள். காது போனதில் இது ஒன்றுதான் லாபம்.

உத்தமன் தன் வீட்டு ஆட்களை முதல் நடையில் மேட்டுத் தெருவில் விட்டுவிட்டு எங்களுக்காகத் திரும்பி வந்தான். கிளம்புவதற்கு முன்னால் அவனை ஒரு ஸ்பேனரும் சுத்தியலும் எடுத்துவரச் சொன்னேன். கீல் ஆணிகள் துருவேறி இறுகிப் போயிருந்தன. நிலை முழுக்கச் சிராய்ப்பு. நானும் அவனுமாகக் கதவைக் கழற்றி, மாடிக்குத் தூக்கி, தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டோம். எனக்கு மூச்சு வாங்கியது. ‘தண்ணில ஊறினா இன்னும் வீங்கும்டா’ என்றேன். அவன் நிமிராமல் முடிச்சை இறுக்கினான். இப்போது இதை எழுதும்போதும் நிமிர்ந்து பார்க்காமல் எழுதுகிறான்.

உன் பெரியப்பா ஆட்டோவிலிருந்தே கத்தியிருக்கிறான். ‘கதவில்லாம ஊட்ட உட்டுட்டு வரான் பாரு, நாய் பூந்துடும்டா!’ பூரட்டும் என்று சொல்லச் சொன்னேன்.

இங்கே காலையில் வெயில் அடித்தது. வரலட்சுமி வடகம் பிழியவில்லை, ஜன்னலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மேகம் கூடியிருக்கிறது, காற்று இன்னும் இல்லை. புயல் வந்தாலும் எழுது, வராவிட்டாலும் எழுது. மேலே காற்று திசை மாறி இதன் தலையையும் கொண்டுபோனால் போகட்டும். உன்னைத் திட்டுவதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

திதிக்கு வந்தால் அந்த வாசலில் எங்கே நிற்பது என்று கேட்டிருந்தாய். கதவைத் திரும்ப மாட்டப் போவதில்லை. நிற்காதே. நேராக உள்ளே வா.

நைனா